வில்லரேக் கடையில் கோச்சிப் பெட்டி விற்கிறேன்

சின்னக் கோச்சி, அதுதான் ரயிலைச் சுருக்கிச் செய்த மாதிரிகள், விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் மறக்கவேண்டிய சொல் 'விளையாட்டுச் சாமான்'. அதைச் சொன்னால், பெற்ற பிள்ளையை நாங்கள் குறை சொன்னது மாதிரி வாடிக்கையாளரின் முகம் மாறிவிடும். புடவைக்கடையோ, டெப்பனர் என்கிற மூலைக்கடையோ, டோனட் கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய எல்லாருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். வருகிறவர் கேட்கிற சாமான் ஒன்று, அவருக்குத் தேவைப்படுகிற சாமான் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் சிரித்த முகத்தோடு நிற்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

நான் நிற்கிற கடை மொன்றியலில், வில்லரேயில், ஒரு மூலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. முதலாளி ரெஜான் இங்கேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக்காரர். கடை நிறையக் கனடியக் கோச்சிகள். பின்சுவரோரம் மட்டும் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் பிரிட்டிஷ் பெட்டிகள் நிற்கின்றன. முந்திய காலத்தில் இங்கிலாந்தில் சனங்கள் ஏறிப்போன பெட்டிகளை, யன்னல், கைபிடி, கூரை விளிம்பு ஒன்றும் விடாமல், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடிய நீளத்துக்குச் சுருக்கிச் செய்தவை. கடையில் நடந்த முக்கால்வாசிக் கதைகள் அந்த அலுமாரிக்கு முன்னால்தான் நடந்தன.

பழுப்பு

இந்தக் கடைக்கு வர முன்னர் நான் ஒரு கார்தெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சமைத்தேன். அந்த இடம் மூடப்பட்டபோது ரெஜானின் கடைக் கதவில் ஆள் தேவை என்று எழுதியிருந்தது. என்ன அனுபவம் என்று கேட்டார். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மரக்கறி ஊட்டியிருக்கிறேன் என்றேன். அது காணும் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் கிழமையே உயரமான ஒருவர் வந்து அலுமாரியைக் காட்டிப் பழுப்புப் பெட்டி ஒன்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இல்லை என்று தலையை ஆட்டினார். வேறொன்று கொடுத்தேன். அதற்கும் தலையாட்டல். முதலாவது தேக்குப் பலகைக்கு எண்ணெய் பூசியது மாதிரி. இரண்டாவது கீழே சொக்லேட், மேலே பால் நிறம். மூன்றாவதாக நான் எடுத்தது நல்ல கறுத்த நாவற்பழ நிறம். அதைக் கண்டதும் அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் பயந்துகொண்டு நிற்க, ரெஜான் கோபிக்காமல் அலுமாரியைப் பூட்டினார்.

"ரஞ்சினி, இந்த அலுமாரியில் பழுப்பு என்று ஒரு நிறம் இல்லை. என்ன நிறம் என்று தெரியாவிட்டால், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தள்ளி நில்."

கொளுக்கி

ஒரு பிரெஞ்சுக்கார இளம்பெண், பக்கத்துத் தெருக்காரி, புருசனின் பிறந்தநாளுக்கென்று சிவப்பும் பால் நிறமுமான பிரிட்டிஷ் பெட்டி ஒன்றை வாங்கிப்போனாள். அடுத்த நாளே அதைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். புருசனிடம் இருப்பது கனடிய எஞ்சின். அதற்குப் பின்னால் இது கொளுவுதில்லையாம்.

நான் அதற்குள் கொஞ்சம் படித்திருந்தேன். கனடியக் கொளுக்கி இரண்டு கை விரல்கள் மடங்கிப் பிடிக்கிற மாதிரி. பிரிட்டிஷ் கொளுக்கி ஒரு கம்பி மேலே ஏறி விழுந்து பிடிக்கிற மாதிரி. தண்டவாளம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் பிரிட்டிஷ்காரர் கொஞ்சம் குறைவாகச் சுருக்கியிருக்கிறார்கள், அதனால் பக்கத்தில் வைத்தால் அவர்களுடைய பெட்டி எங்களுடைய எஞ்சினை விட எடுப்பாக நிற்கும். இதை என்னுடைய பிரெஞ்சில் மெல்ல மெல்ல விளங்கப்படுத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு கதவடிக்குப் போனவள் நின்று சொன்னாள்:

"ஆங்கிலேயரின் பெட்டி எங்கள் எஞ்சினோடு சேராது, பக்கத்தில் நின்றால் உயரமாகவும் தெரியும். இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நேரம் எடுத்தது, மதாம். எங்கள் அப்பா தேர்தல் வந்தால் சாப்பாட்டு மேசையில் ஒரே வசனத்தில் சொல்லிவிடுவார்."

யன்னல்

குலசிங்கம் அண்ணை முதன்முதல் வந்தபோது நான் "பொன்ஜூர்" சொன்னேன். அவர் என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழோ பிள்ளை" என்றார். ஓம் என்றேன். பிறகு அவர் என்னிடம் பிரெஞ்சு கதைத்ததே இல்லை. டவுன்டவுனில் ஒரு பெரிய ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்து ஓய்வெடுத்தவர். வீடு பியர்பொன்ட்ஸில். அங்கிருந்து பஸ்ஸில் வந்து, மெற்றோ மாறி, கடைக்கு வந்து சேர்வதற்குள் அரை நாள் போய்விடும். கார் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் போனால்தான் வாங்கிய பெட்டியை வழியில் திறந்து பார்க்கலாம் என்பார்.

மற்றவர்கள் ஒரு கம்பனிப் பெட்டி, ஒரு காலத்துப் பெட்டி என்று ஒழுங்காகச் சேர்ப்பார்கள். இவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. தேக்கு நிறமும் வாங்குவார், பச்சையும் வாங்குவார். என்ன கணக்கில் தெரிவு செய்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கையில் இருந்த பெட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒரு பக்கத்து யன்னலால் நுழைந்த வெயில் மற்றப் பக்கத்தால் வந்து அவருடைய சட்டையில் விழுந்தது.

"வேலை செய்த காலம் முழுக்க நிலத்துக்குக் கீழை, யன்னல் இல்லாத குசினியிலை நிண்டனான் பிள்ளை. வெளியிலை மழை பெய்யுதோ, சினோ கொட்டுதோ எண்டு வெயிற்றர்மாரிட்டைத்தான் கேக்கிறது. இதிலை பார், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு யன்னல் குடுத்திருக்கிறான்."

பெட்டி வந்திட்டுது

இது தமிழில் கதைக்கிற வாடிக்கையாளர்களால் மட்டும் வரக்கூடிய சிக்கல். குலசிங்கம் அண்ணை ஒரு பச்சைப் பெட்டிக்குச் சொல்லிவைத்திருந்தார். அது வந்து சேர்ந்தது. வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். யாரும் எடுக்கவில்லை. மெசின் பேசச் சொன்னது. பேசினேன். "குலசிங்கம் அண்ணைக்குச் சொன்ன பெட்டி வந்திட்டுது. நல்ல வடிவான பெட்டி. உள்ளுக்கை எல்லாம் மெத்தை போட்டிருக்கு. கெதியா வந்து எடுங்கோ, கன நாள் இஞ்சை வைச்சிருக்கேலாது."

அந்த நேரம் அண்ணையும் அவருடைய மனைவி புஷ்பமக்காவும் ரொறன்ரோவுக்குப் போயிருந்தார்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுத் திறப்போடு வந்த அக்காவின் தம்பி அந்த மெசினைக் கேட்டிருக்கிறார். ரொறன்ரோவில் அண்ணையின் ரெலிபோனுக்கு எடுத்தால் பதில் இல்லை. அவர் ஒரு பிறந்தநாள் விழாவில், பாட்டுச் சத்தத்துக்குள் நின்றிருக்கிறார். தம்பி தன்னுடைய மனைவிக்குச் சொல்ல, அவள் கோயில் ஆட்களுக்குச் சொல்ல, பின்னேரத்துக்கு முன்னர் இரண்டு பேர் செத்தவீட்டுக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுச் சட்டியோடு பியர்பொன்ட்ஸ் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். ஒருவழியாக அண்ணையே ரெலிபோனை எடுத்து, தான் கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்ன பிறகுதான் அடங்கியது.

அடுத்த கிழமை புஷ்பமக்காவே நேரில் கடைக்கு வந்தா. ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவ அந்தப் பச்சைப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, மெத்தை ஆசனங்களையும் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னா:

"இனிமேல் ரெலிபோனிலை கோச்சிப் பெட்டி எண்டு முழுசாச் சொல்லுங்கோ தங்கச்சி. எங்கட ஆக்களுக்கு இப்ப எல்லாருக்கும் வயசாகுது."

ஸ்லீப்பர்

சென்னையில் இருந்து படிக்க வந்த தம்பி ஒருவர், டவுன்டவுனில் இருந்து ரெலிபோனில் கேட்டார். "அக்கா, உங்க கடையில ஸ்லீப்பர் இருக்கா?" எங்களுடைய ஊர்ப் பேச்சில் அது காலில் போடுகிற செருப்பு. பிறகு யோசித்தேன், இந்தத் தொழிலில் தண்டவாளத்துக்குக் கீழே அடுக்குகிற கட்டைக்கும் பிரிட்டிஷ்காரர் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். கட்டை இருக்கிறது, எத்தனை வேண்டும் என்றேன். ஒன்று போதும் என்றார். ஒரு கட்டையை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"கட்டை இல்லக்கா. ராத்திரி படுத்துக்கிட்டே போவாங்கல்ல, அந்தப் பெட்டி. எங்கப்பாவுக்குப் பரிசு குடுக்கணும், கொஞ்சம் நல்ல வார்த்தையா சொல்லுங்க."

கழிவறைக் கண்ணாடி

மிஸ்டர் ஹரல்ட் இங்கிலாந்தில் பிறந்து, இளவயதில் மொன்றியலுக்கு வந்து, படம் வரைகிற எஞ்சினியராக வேலை செய்தவர். மனைவி இறந்துவிட்டா. நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்டில் தனியே இருந்தார். கடைக்கு வருவதற்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வருவார். அவர் சேர்த்தது இங்கிலாந்தின் ஒரேயொரு கோச்சிக் கம்பனியின் பெட்டிகளை. நல்ல பீற்றூட் நிறம். வேறு நிறத்தை இலவசமாகக் கொடுத்தாலும் தொடமாட்டார்.

ஒரு பெட்டியை வாங்க அவருக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். கைக்குட்டையை விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரைக்கும் பார்ப்பார். ஒருநாள் நடுவில் நின்றுவிட்டார். கண்ணாடியை என்னிடம் தந்து, அந்த யன்னலைப் பார் என்றார். பார்த்தேன். மற்ற யன்னல்கள் மாதிரித்தான் இருந்தது, நல்ல தெளிவு. அதுதான் பிழையாம். அது கழிவறை யன்னல். பால் மாதிரி மங்கிய கண்ணாடி போட்டிருக்கவேண்டும். செய்தவர்கள் மறந்துவிட்டார்கள். யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அதற்குள் ஒரு பெண்மணி இருக்கிறாள் என்று வைத்துக்கொள், ரஞ்சினி. அவளுக்குத் தெரியும்."

மரியாதை

பீற்றூட் நிறத்தில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி வந்தது. உள்ளே மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் கடுகளவு விளக்கு, பெரிய பெரிய யன்னல்கள். நிறம் ஹரல்டுக்கு, யன்னல் குலசிங்கம் அண்ணைக்கு. ஒன்றுதான் வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கடையில் கண்டிருக்கிறார்கள், தலையாட்டியிருக்கிறார்கள், அதற்கு மேலே பழக்கமில்லை. ஆனால் இரண்டு பேரும் தனித்தனியே என்னிடம், மற்றவர் அண்மையில் என்ன வாங்கினார் என்று விசாரிப்பார்கள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். ரெஜான் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பெட்டியைக் கவுண்டரில் வைத்தேன். ஹரல்ட், "நீங்கள் எடுங்கள், நீங்கள் தூரத்தில் இருந்து வருகிறீர்கள்" என்றார். அண்ணை, "இல்லை, நீங்கள் எடுங்கோ, உங்கட நிறம்" என்றார். இரண்டு பேருடைய கண்ணும் பெட்டியை விட்டு எடுபடவில்லை. இல்லை நீங்கள், இல்லை நீங்கள் என்று இது போய்க்கொண்டிருக்க, இரண்டு தெரு தள்ளிக் கேக் கடை வைத்திருக்கிற மதாம் வந்து, கடை யன்னலில் அலங்காரத்துக்கு வைக்க ஏதாவது தேடுகிறேன் என்றாள். இவர்கள் இரண்டு பேரும் மரியாதையாக அவளுக்கு வழி விட்டார்கள். அவள் சாப்பாட்டுப் பெட்டியைக் கண்டாள். வாங்கினாள். போனாள்.

இரண்டு பேரும் ஒன்றாகவே வெளியே போனார்கள். பின்னேரம் ஹரல்ட் மட்டும் திரும்பி வந்தார், மேல்கோட்டில் சீனி மா ஒட்டியிருந்தது. கேக் கடையில் கோப்பி குடித்துவிட்டு வருகிறார்களாம். இரண்டு பேரும் சேர்ந்து அவளிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் போனார்களாம். யன்னலில் பெட்டியின் கூரையைக் கழற்றி, ஒவ்வொரு மேசையிலும் மார்சிப்பான் என்கிற பாதாம் மாவில் செய்த குட்டிக் கேக் வைத்திருந்தாளாம்.

"சாப்பாட்டுப் பெட்டியில் சாப்பாடு பரிமாறியிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் அப்படி ஒன்றைச் செய்ததே இல்லை, அதனால் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டோம்."

ஒரு தட்டு

அந்தக் குளிர்காலம் ஹரல்ட் தன்னுடைய கட்டட வாசலில் ஐஸில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இருந்து அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் அறை கொடுத்தார்கள். கட்டில், கதிரை, உடுப்பு அலுமாரி, யன்னலுக்குக் கீழே சாமான் வைக்க ஒரு பலகைத் தட்டு.

அப்பார்ட்மென்டைக் காலி செய்ய அவருடைய மகன் கல்கரியில் இருந்து வந்தார். நல்ல மனிதர். வாழைப்பழம் வருகிற காட்போட் பெட்டிகளில் தகப்பனுடைய பெட்டிகள் எல்லாவற்றையும் அடுக்கி, பழைய துவாய்களால் சுற்றி, கடைக்குக் கொண்டுவந்தார். தட்டில் ஒரு பெட்டிதான் வைக்கலாம், எது வேண்டும் என்று தகப்பனிடம் கேட்டாராம். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது மகன் தன்னுடைய கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். மாத முடிவுக்குள் வீட்டைக் கொடுக்கவேண்டும். ரெஜான், ஒவ்வொன்றாக நல்ல ஆட்களுக்கு விற்றுத்தருகிறேன் என்றார்.

எனக்கு நல்ல ஆள் ஒருவரைத் தெரியும் என்று நினைத்து, குலசிங்கம் அண்ணைக்கு ரெலிபோன் அடித்தேன். அன்றைக்கே வந்தார். ஒரு காட்போட் மூடியைத் திறந்தார். துவாயை விலக்கிப் பார்த்தார். திரும்ப மூடி, மடிப்புகளைச் சரியாகச் செருகினார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன் அண்ணை, உங்களுக்குப் பிடிக்குமே என்றேன்.

"அந்த மனுசன் கட்டிலிலை கிடக்கேக்கை அவரின்ரை சாமானை நான் எப்பிடிப் பிள்ளை வாங்கிறது. நாளைக்குப் போய்ப் பாக்கிற நேரம் எந்த முகத்தோடை கதைக்கிறது."

ஸ்ரேசன் மாஸ்ரர்

அடுத்த நாள் அவர் மறுபடியும் வந்து, ஒன்றையும் விற்கவேண்டாம், ஒரு கிழமை பொறுங்கோ என்று ரெஜானிடம் கேட்டார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனார். ஹரல்ட் கதிரையில் இருந்தார். கழுத்துப்பட்டி கட்டவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. பார்க்கக் கஷ்டமாக இருந்தது. தட்டு வெறுமையாக இருந்தது.

அண்ணை தன்னுடைய ஹோட்டல் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். என்னுடைய வீட்டு நிலவறையில் இடம் இருக்கிறது. பெட்டிகள் உங்களுடையவைதான். அங்கே நிற்கட்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றைக் கொண்டுவந்து இந்தத் தட்டில் வைத்துவிட்டு, முந்தியதை எடுத்துக்கொண்டு போகிறேன். ஹரல்ட் உடனே வேண்டாம் என்றார். யாருடைய தயவிலும் இருந்து பழக்கமில்லை என்றார். அண்ணை மறுத்துச் சொல்லவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு ஒழுங்கு தெரியாது. எந்தப் பெட்டிக்குப் பிறகு எது வரவேண்டும் என்று ஒருவர் சொல்லித் தரவேண்டும். ஸ்ரேசன் மாஸ்ரர் இல்லாமல் நான் எப்படிக் கொண்டுவருவது" என்றார்.

ஹரல்ட் தட்டைப் பார்த்தார். வெளியே தெருவில் சினோப் பனியை வழிக்கிற இயந்திரம் போய்வந்தது. பிறகு கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"எஞ்சினுக்குப் பின்னால் எப்படி வருமோ அப்படித்தான் வரவேண்டும். ஒழுங்கு மாறி வந்தால் நான் பொறுப்பெடுக்கமாட்டேன், மிஸ்டர் குலா."

நிலவறை

ரெஜானின் வானில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பியர்பொன்ட்ஸுக்குப் போனோம். வழி முழுக்க எனக்குப் புஷ்பமக்காவை நினைத்துத்தான் யோசனை. மனுசன் சேர்க்கிறது போதாதென்று இன்னொரு ஆளுடையதையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறாரே.

நிலவறைக்கு இறங்கினால், ஒரு சுவர் முழுக்கத் தட்டுகள் துடைத்து, பழைய சேலைத் துணி விரித்திருந்தது. கலியாண வீட்டுக்குச் சமைக்கிற பெரிய சட்டிகளை அக்கா தானே கராஜுக்குத் தூக்கி வைத்திருந்தா. எங்களுக்குத் தேத்தண்ணியும் கடலை வடையும் தந்தா. உங்களுக்கு இது கரைச்சல் இல்லையோ அக்கா என்று மெல்லக் கேட்டேன். அவ ஒரு பீற்றூட் பெட்டியைத் துவாயால் துடைத்து, சுவரோரம் நேராக வைத்துக்கொண்டே சொன்னா:

"எங்கட தம்பி குடும்பம் ஸ்பொன்சரிலை ஊரிலை இருந்து வந்து இதுக்கைதான் இருந்தது. பேந்து மச்சாள் குடும்பம். பேந்து அவையின்ரை ஆக்கள். இதுகளாவது சாப்பாடு கேக்காதுகள், சுடுதண்ணியை முடிக்காதுகள்."

ஞாயிற்றுக்கிழமைக் கேக்

முதலில் வந்தது எஞ்சினுக்கு அடுத்த பெட்டி. அடுத்த ஞாயிறு மூன்றாம் வகுப்பு. அதற்கு அடுத்த ஞாயிறு இன்னொன்று. ஹரல்ட் ஒவ்வொன்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துப் பொறுப்பெடுப்பார். ஒருமுறை அண்ணை அவசரத்தில் முதலாம் வகுப்பை ஒரு கிழமை முந்திக் கொண்டுபோய்விட்டார். ஹரல்ட் அதைத் தட்டில் வைக்க விடவில்லை. அன்றைக்குப் பெட்டி அண்ணையின் மடியில் இருந்தபடியே பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பியது. ஒரு முழுக் கோச்சி, கிழமைக்கு ஒரு பெட்டியாக, அந்தச் சின்ன அறைக்குள்ளால் போய்க்கொண்டிருந்தது. கழுத்துப்பட்டியும் ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பி வந்தது.

ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். அங்கே வேலை செய்கிற ஹெயிற்றிக்காரப் பெண் ஒருத்தி, பெரிய சிரிப்புக்காரி, அண்ணையைக் கண்டதும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஏன் என்று விளங்கவில்லை. திரும்பி வரும்போது லிஃப்ற் வாசலில் அவளை மறித்து, இவரோடு ஏதும் கோபமா என்று கேட்டேன். அவள் அண்ணையின் கையில் இருந்த நீளமான காட்போட் பெட்டியைக் காட்டினாள்.

"இவர் ஒவ்வொரு கிழமையும் கேக் கொண்டுவருகிறார், மிச்சத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு போகிறார். இந்த மாடியில் எங்களுக்கும் வாய் இருக்கிறது, மதாம்."

கடைசிப் பெட்டி

கோடை தொடங்கிய நேரம் குலசிங்கம் அண்ணை கடைக்கு வந்து ஒரு பீற்றூட் பெட்டி வாங்கினார். மூன்றாம் வகுப்பு. அடுத்த கிழமை இன்னொன்று. ரெஜானிடம் சொல்லி மூன்றாவதற்கும் பதிந்துவைத்தார். பச்சை வாங்குவதையே நிற்பாட்டிவிட்டார். ஹரல்டின் பெட்டி ஒன்றையும் வாங்கமாட்டேன் என்ற மனிதர் இப்போது ஹரல்டின் நிறத்தையே வாங்குவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கேட்டேன். கடையில் வேறு ஆள் இல்லாதபடியால் சொன்னார். ஹரல்டின் கோச்சியில் மிச்சம் இருப்பது ஒன்றுதான், கார்ட் நிற்கிற கடைசிப் பெட்டி. அதற்குப் பின்பக்கத்தில், கோச்சி முடிகிறது என்று காட்டுகிற சிவப்பு விளக்கு இருக்கிறது. வசந்தத்தில் அவருக்குச் சளி பிடித்து நெஞ்சுக்குள் இறங்கி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். திரும்பி வந்தாலும் பழைய உற்சாகம் இல்லை. அந்த விளக்கைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைக்கக் கை போகுதில்லை என்றார் அண்ணை. அதனால், தான் வாங்குகிற பெட்டிகளை அந்தக் கடைசிப் பெட்டிக்கு முன்னால் செருகிக்கொண்டு போகிறார். நான் பெட்டியைக் கட்டிக் கொடுத்தேன். மிஸ்டர் ஹரல்ட் ஒழுங்கு பார்க்கிற ஆள், கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் தனியே அவரைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார், ஆனால் யன்னலடியில் இருந்தார். தட்டில் அண்ணை கொண்டுவந்த மூன்றாம் வகுப்புப் பெட்டி நின்றது. தொடர்ந்து எத்தனையாவது மூன்றாம் வகுப்பு என்று எனக்கே தெரியாது. இந்தக் கிழமை வந்த பெட்டி எப்படி என்று, ஏதாவது கதைக்கவேண்டுமே என்று கேட்டேன். உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். குரலில் குறை சொல்கிற தொனி இல்லை.

"இவ்வளவு நீளமான கோச்சி நிற்கக்கூடிய மேடை இங்கிலாந்தில் எந்த ஸ்ரேசனிலும் இருந்ததில்லை, ரஞ்சினி. மிஸ்டர் குலாவிடம் சொல்லிவிடாதே."

எஞ்சின் வாங்க வருகிறவர்கள் கோச்சி எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்பார்கள். பெட்டி வாங்குகிறவர்கள்தான், எவ்வளவு மெதுவாகப் போகவைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் நிற்கிறார்கள்.